தூரத்துக் கப்பலும் தாம்பரத்து விமானமும்

ஆழ்கடலின் அடியில் கிடக்கும் பிரசித்தமான சிதைவு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று, கதை படிக்கிற வழக்கமுள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்தில் போய்க் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: டைட்டானிக். அந்தக் கப்பலைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதற்கு நாலு புகைபோக்கி என்பதும், நாலாவது புகைபோக்கி பெரும்பாலும் காற்றோட்டத்துக்காகவும் கொஞ்சம் கம்பீரத்துக்காகவும் வைக்கப்பட்டது என்பதும் தெரியும். 1912 ஏப்ரல் 15ஆம் தேதி விடியுமுன் அது முழுகியபோது வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். 1985 செப்டம்பர் 1ஆம் தேதி, அமெரிக்கரான ராபர்ட் பல்லார்டும் பிரெஞ்சுக்காரரான ழான் லூயி மிஷேலும் நடத்திய தேடலில், ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் அது அகப்பட்டது என்பதுகூடப் பலருக்குத் தெரியும். எங்கள் எதிர் வீட்டு மாமி அந்தச் சினிமாவை நாலு தடவை பார்த்து, நாலு தடவையும் அழுதிருக்கிறார். "பாவம், அந்தப் பிள்ளைக்கு அந்தப் பலகையிலே ஒரு ஓரம் கொடுத்திருக்கப்படாதா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

மாமியின் வீடு கிழக்குத் தாம்பரத்தில். மொட்டை மாடியில் அவர் வடாம் உலர்த்தும்போது விமானப் படை விமானங்கள் தலைக்குமேல் தாழப் பறந்து போகும். "2016ஆம் வருஷம் இங்கேயிருந்து கிளம்பிக் காணாமற் போன விமானம், கடலுக்கு அடியிலே அகப்பட்டதே, தெரியுமா மாமி?" என்று கேட்டேன்.

"எந்த விமானம்?" என்றார்.

மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யார் சொன்னார்கள், தெரிந்துகொள்ள? என் கோபம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மீது. பத்திரிகைக்காரர்கள் மீதும், கதாசிரியர்கள் மீதும், 'மனிதாபிமானம்' என்ற வார்த்தையை மேடைக்கு மேடை உதிர்க்கிற இலக்கியக் கனவான்கள் மீதும்.

விஷயம் இதுதான். 2016 ஜூலை 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து ஓர் ஆன்டனோவ்-32 விமானம் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதன் எண் கே-2743. யுத்தத்துக்குப் போன விமானமல்ல. தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு வழக்கமாகப் போய் வருகிற விமானம். பதினொன்றே முக்கால் மணிக்கு அது அந்தமானில் இறங்கியிருக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் 29 பேர். விமானத்தை ஓட்டிய குழுவினர் ஆறு பேர், விமானப் படையைச் சேர்ந்த பதினொரு பேர், ராணுவத்தில் இரண்டு பேர், கடற்படையில் ஒருவர், கடலோரக் காவல் படையில் ஒருவர், மீதி எட்டுப் பேர் சிப்பாய்களே அல்லர், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்கி, மளிகைக் கடைப் பாக்கியையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கட்டுகிற, உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள்.

ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில், ரேடார் திரையிலிருந்து அந்த விமானம் மறைந்தது. இடது பக்கமாகத் திரும்பியது, 23,000 அடி உயரத்திலிருந்து மளமளவென்று இறங்கியது. தெரிந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் போர்க் கப்பல்களும், காவல் படைக் கப்பல்களும், விமானங்களும், ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் வங்காள விரிகுடாவைச் சல்லடை போட்டன. கடலில் தொலைந்த விமானத்துக்காக இந்தத் தேசம் அதுவரை அவ்வளவு பெரிய தேடலை நடத்தியதில்லை. ஓர் உடல்கூட, ஓர் ஆசனப் பலகைகூட அகப்படவில்லை. காணாமற் போன ஒருவருடைய கைபேசி சில நாள் கழித்தும் மணி அடித்தது என்று அவர் வீட்டார் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. எதிர்முனையில் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 15ஆம் தேதி, ஐம்பத்தைந்தாம் நாள், தேடல் நிறுத்தப்பட்டது. 29 பேரும் இறந்திருக்க வேண்டும் என்று குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள்.

பிறகு 2024 ஜனவரி 12. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு. பாதுகாப்பு அமைச்சகம் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி வாகனம், 3,400 மீட்டர் ஆழத்தில், கடற்படுகையில் நொறுங்கிக் கிடந்த ஒரு விமானத்தின் துண்டுகளைப் படம் பிடித்திருக்கிறது. படங்களை ஆராய்ந்ததில் அவை ஆன்டனோவ்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற் போனதாகப் பதிவு கிடையாது. ஆகையால் அது கே-2743 ஆகவே இருக்கக்கூடும்.

கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஏழரை வருஷத்துக்குப் பத்து நாள் குறைவு. ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்களோ, அது அவர்கள் பாடு.

அந்த நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணையில். விமானம் கிளம்பிய தாம்பரத்துக்கும் அதைக் கண்டெடுத்த நிறுவனத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இராது. கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினால் சேலையூர், காம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று வேளச்சேரி ரோட்டிலேயே போய், சதுப்பு நிலத்துக்கு முன்னால் இறங்கிவிடலாம். மேடவாக்கத்தில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம். இல்லாவிட்டால் முக்கால் மணி. உலகத்தின் பிரசித்தமான சமுத்திரத் தேடல்களுக்குச் சற்றும் குறையாத ஒன்று, அந்த ஒரே பஸ் ரூட்டின் இரு முனைகளுக்கு நடுவே நடந்து முடிந்திருக்கிறது. 3,400 மீட்டர் ஆழம் என்றால் அங்கே சூரிய வெளிச்சம் கிடையாது. ரேடியோ அலை எட்டாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிலோ பாரம் அழுத்துகிறது. ஆளில்லாமல், கயிறில்லாமல், ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் தடவித் தடவித் தரையைப் பார்க்கிற ஒரு யந்திரத்தை அனுப்பித்தான் இதைச் செய்ய வேண்டும். செய்தார்கள். அந்த விஞ்ஞானிகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கரும்பு விலை என்ன என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

மூழ்கிப் போனவற்றின் மீது தமிழனுக்கு அக்கறை கிடையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறியே உண்டு. கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்றால் நம் கண்கள் பனிக்கும். குமரிக் கண்டம் என்று ஆரம்பித்தால் மேடையில் இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து உட்கார மாட்டார். பூம்புகாருக்குப் போனால், கரையில் நின்று கடலைக் காட்டி, 'அதோ, அங்கேதான்' என்று பெருமூச்சு விடாதவர் யார்? 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று; ஒன்றரை மாசத்தில் அந்தக் கப்பலும் கோகோஸ் தீவில் அடிபட்டு ஒழிந்தது. நூற்றுப் பத்து வருஷமாகியும் நாம் அதை மறக்கவில்லை. "அவன் சரியான எம்டன்!" என்று பாஷையிலேயே சேர்த்துக்கொண்டுவிட்டோம். சுட்டுவிட்டுப் போன அந்நியக் கப்பலுக்குச் சொந்த பாஷையில் இடம். நம் ஊரிலிருந்து கிளம்பிய விமானத்துக்கு ஞாபகத்தில்கூட இடமில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மூழ்கியது பழமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நமக்கு ருசிக்காது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் மூழ்கிய நகரத்துக்காக அழுதால் யாருக்கும் ஒரு காலணா கொடுக்க வேண்டியதில்லை. அட்லாண்டிக்கில் மூழ்கிய கப்பலுக்காக அழுதால் யாரையும் போய்க் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தாம்பரத்து விமானத்துக்காக அழுதால், கண்ணைத் துடைத்துக்கொண்ட மறு நிமிஷம், 'ஏன் விழுந்தது?' என்று கேட்க வேண்டி வரும். அந்தச் சிரமத்துக்கு நாம் தயாராயில்லை.

பணமும் ஒரு காரணம். சீமான்களும் சீமாட்டிகளும் வைர நகைகளும் இல்லாத மூழ்கலை நாம் கதையாக ஒப்புக்கொள்வதில்லை. டைட்டானிக்கிலேகூட, முதல் வகுப்பில் பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாலு பேரில் மூன்று பேர் செத்தார்கள். நமக்கு ஞாபகம் இருப்பது முதல் வகுப்பின் சாப்பாட்டு மேஜைதான். 2023 ஜூனில் அதே டைட்டானிக்கைப் பார்க்க, ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணத்தில் ஒரு சிறு கலம் இறங்கி, ஐந்து பேரோடு நசுங்கிப் போயிற்று. அவர்களுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பிராண வாயு இருக்கிறது என்று நம் வீட்டுக் குழந்தைகள்கூடக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கு நாலு நாள் முன்னால் கிரேக்க நாட்டுக் கரைக்கு அப்பால் அகதிகளை ஏற்றி வந்த ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. எழுநூறு பேர் வரை இருந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். பிழைத்தவர்கள் 104 பேர். அவர்களுடைய மூச்சை யாரும் எண்ணவில்லை.

டைட்டானிக்கைக் கண்டுபிடித்த கதையிலேயே ஒரு ரகசியம் உண்டு. நம் ரஸிகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. பல்லார்டு அந்தக் கப்பலைத் தேடுவதற்கென்று அனுப்பப்பட்டவரே அல்ல. அவருக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. கொடுத்த வேலை வேறு. 1963இல் 129 பேரோடு முழுகிய 'திரெஷர்', 1968இல் 99 பேரோடு முழுகிய 'ஸ்கார்ப்பியன்' என்ற இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் சிதைவுகளை ரகசியமாகப் பார்த்துப் படம் பிடித்து வர வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகு மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில்தான் டைட்டானிக்கைத் தேட அவருக்கு அவகாசம் கிடைத்தது. ஸ்கார்ப்பியன் கிடந்த இடத்தில், கனமானது ஓரிடத்திலும் இலேசானது நீரோட்டத்தோடு தள்ளியும் விழுந்து, சிதறல் ஒரு வால் மாதிரி நீண்டு கிடப்பதை அவர் கவனித்தார். கப்பலைத் தேடாதே, வாலைத் தேடு என்று அந்தச் செத்த சிப்பாய்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வித்தையால்தான் டைட்டானிக் அகப்பட்டது. உலகம் டைட்டானிக்குக்குக் கை தட்டியது. அந்த 228 மாலுமிகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

ஆக, இது தமிழனுக்கு மாத்திரம் உள்ள வியாதியல்ல. ஆனால் அவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. திரெஷர் முழுகிய அதே 1963ஆம் வருஷத்திலேயே, 'ஏன் முழுகியது?' என்று கேட்டு, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆட்களை ஏற்றிய கலத்தையே இறக்கினார்கள். நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிற முறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து அத்தாட்சி கொடுத்தாக வேண்டும் என்று ஒரு கடுமையான திட்டம் கொண்டுவந்தார்கள். அந்த அத்தாட்சி பெற்ற கப்பல் ஒன்றுகூட அதற்கப்புறம் முழுகவில்லை. ஸ்கார்ப்பியனுக்கு அந்த அத்தாட்சி இருக்கவில்லை.

இங்கே, ரிடையராகிக் காம்ப் ரோட்டில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷர், நல்ல படிப்பாளி. நான் இந்த விஷயத்தை எடுத்ததும் சொன்னார்: "அதான் கிடைச்சிருச்சே சார், இன்னும் என்ன வேணும்?"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. கிடைத்தது என்றால், யாருக்குக் கிடைத்தது? என்ன கிடைத்தது?

நம் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணாமற் போனவனுக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அதற்கப்புறம் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து தகனம் பண்ணுவது என்று பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்தார்கள். சட்டம் ஏழு வருஷம் என்று வைத்திருக்கிறது. இந்தக் குடும்பங்களுக்கு ஐம்பத்தைந்து நாளில் தகவல் வந்துவிட்டது. உத்தியோகத்தில் இருந்தவர்கள் என்பதால் அது அவசியமும்கூட. ஆனால் காகிதம் சொல்கிறதை மனம் ஏற்குமா? உடலைப் பார்க்காத தாய் எந்தக் காகிதத்தை நம்புவாள்? வாசலில் எப்போது ஆட்டோ நின்றாலும் எட்டிப் பார்க்காமல் இருப்பாளா? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு பெண்ணைப் பற்றி ஊரார் பேச, அவள் எந்த நாளைத் துக்க நாளாக வைத்துக்கொள்வாள்? ஜூலை 22ஆ? செப்டம்பர் 15ஆ? ஜனவரி 12ஆ?

நம்முடைய தொடர்கதைகளும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பாவம் செய்திருக்கின்றன. பர்மா யுத்தத்தில் காணாமற் போன கணவன் எத்தனை கதைகளில் கடைசி அத்தியாயத்தில் தாடியோடு திரும்பி வந்திருக்கிறான்! ரயிலை விட்டு இறங்குவான், ஞாபக மறதி அன்றைக்கென்று தெளியும், சுபம். வாசகர்கள் சந்தோஷமாகப் பத்திரிகையை மடித்து வைத்தார்கள். திரும்பி வராதவனுடைய வீட்டில் பதினான்காம் வருஷம் எப்படி இருக்கும், பதினைந்தாம் வருஷம் எப்படி இருக்கும் என்று எழுத ஆள் குறைவு. எழுதினால் போடுகிற பத்திரிகை அதைவிடக் குறைவு.

'கிடைத்தது' என்ற சொல்லுக்கு வருவோம். அந்த அறிக்கையில் எது இருந்தது என்று சொன்னேன். எது இல்லை என்றால், காரணம் இல்லை. மழை மேகமா, யந்திரக் கோளாறா, வேறு ஏதாவதா? அந்த ஆறு பேர் கடைசி நிமிஷத்தில் என்ன செய்து பார்த்தார்கள்? இருப்பதெல்லாம் 'இருக்கக்கூடும்' என்ற ஒரு வார்த்தை. விஞ்ஞானிகள் ஜாக்கிரதையாகப் பேசுவது அவர்கள் தர்மம், அதில் தவறில்லை. ஆனால் 'கூடும்' என்ற சொல்லுக்கு யாரும் திவசம் கொடுக்க முடியாது.

அவ்வளவு ஆழத்தில் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். 2009 ஜூன் 1ஆம் தேதி பிரேஸில் தேசத்திலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. இரண்டு வருஷம் தேடினார்கள். 2011 ஏப்ரலில், பள்ளிக்கரணைக்காரர்கள் அனுப்பியது போன்ற தானியங்கி வாகனங்களால்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 3,900 மீட்டர். நம்முடையதைவிட அரைக் கிலோமீட்டர் அதிகம். கண்டுபிடித்தவர்கள், கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாசமே விமானத்தின் பதிவுப் பெட்டிகளை மேலே கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த பெட்டி, எல்லாவற்றையும் சொல்லிற்று. வேகம் அளக்கும் குழாயில் பனி அடைத்தது. தானே ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. பதற்றத்தில் விமானத்தின் மூக்கை மேலே இழுத்தார்கள், அது தாங்கும் சக்தியை இழந்து விழுந்தது. இது தெரிந்த பிறகு உலகமெங்கும் பைலட்டுகளுக்கான பயிற்சி மாறியது. இன்றைக்கு நீங்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பேரனைப் பார்க்கப் போகிறீர்களே, உங்களை ஏற்றிச் செல்கிற பைலட்டும் அந்த 228 பேரின் மரணத்திலிருந்து பாடம் படித்தவர்தான்.

ஆன்டனோவ்-32 விமானங்கள் 2016க்குப் பிறகும் பறந்தன. 2019 ஜூன் 3ஆம் தேதி அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டிலிருந்து கிளம்பிய ஒன்று அருணாசல மலைகளில் மோதி 13 பேர் இறந்தார்கள். அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. முதல் விபத்தின் காரணத்தைக் கேட்கத் தெரிந்திருந்தால்தான் அப்படிச் சொல்லவோ மறுக்கவோ வழி பிறக்கும் என்கிறேன்.

"செத்தவர்களை நிம்மதியாக இருக்க விடுங்கள், கடலே அவர்களுக்குச் சமாதி" என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இந்த அபிப்பிராயத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். எலும்பை எடுக்க வேண்டாம். சிதைவை அப்படியே விட்டுவிடலாம். டைட்டானிக்கில் என்ன நடந்தது? ஒரு கம்பெனி உரிமை வாங்கி, கோப்பை, தட்டு, சீப்பு, சென்ட் பாட்டில் என்று ஆயிரக்கணக்கான சாமான்களை வாரிக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டியது. பல்லார்டே அதைக் கல்லறைக் கொள்ளை என்ற கருத்தில் எதிர்த்தார். சரிதான். ஆனால் செத்தவன் குடித்த கோப்பையை எடுப்பதும், செத்தவன் ஏன் செத்தான் என்று சொல்லக்கூடியதை எடுப்பதும் ஒன்றாகுமா? முன்னது வியாபாரம். பின்னது, போஸ்ட்மார்ட்டம் மாதிரி, அவனுக்குச் சேர வேண்டிய ஒரு நியாயம்.

"ராணுவ ரகசியம் ஐயா, அதில் நீர் ஏன் மூக்கை நுழைக்கிறீர்?" என்பார் ஒருவர். சாமான் ஏற்றிப் போகிற விமானத்தில் என்ன ரகசியம்? அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைவிடப் பெரிய ரகசியமா? திரெஷர் சம்பந்தமான தஸ்தாவேஜுகளை அமெரிக்கக் கடற்படை ஐம்பத்தேழு வருஷம் பூட்டி வைத்திருந்தது. ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி ஒருவரே வழக்குப் போட்டார். 2020இல் கோர்ட்டு உத்தரவின் பேரில் வெளியிட ஆரம்பித்தார்கள். அமெரிக்கா ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

கடைசியாகச் செலவு. இந்தியாவில் எந்த நியாயத்தைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற ஆசாமி இவர்தான்! பள்ளிக்கரணையின் அந்த யந்திரம் ஆறாயிரம் மீட்டர் வரை போகக்கூடியது. நார்வே தேசத்திலிருந்து வாங்கியது. அதற்கு வைத்திருக்கிற பெயரின் அர்த்தமே 'கடல் கனிமம் தேடுவோன்'. மத்திய இந்து மகா சமுத்திரத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையில் கனிமக் கட்டிகளை ஆராய நம் தேசத்துக்கு உரிமை இருக்கிறது; ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே, நிக்கலும் கோபால்ட்டும் கலந்து, உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்கின்றன. ஆழ்கடல் திட்டம் என்று 2021இல் 4,077 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஆறாயிரம் மீட்டருக்கு இறங்கப்போகிற 'மத்ஸ்யா' என்ற கலத்தையும் இதே பள்ளிக்கரணையில்தான் உருவாக்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் பெருமையே தவிர ஆட்சேபம் கிடையாது. கோபால்ட் கட்டிக்காக ஐயாயிரம் மீட்டர் இறங்கத் துணிந்த தேசம், 29 பேருக்காக 3,400 மீட்டர் இறங்கச் செலவைக் காரணம் காட்டலாமா என்றுதான் கேட்கிறேன். அப்படி இறங்கி, எடுக்கத் தக்கது இருந்தால் எடுக்கட்டும். எடுக்க முடியாது என்றால் இன்ன காரணத்தால் முடியாது என்று, அந்த விசாகப்பட்டினத்துக் குடும்பங்களுக்குப் புரிகிற தெலுங்கிலும், மற்ற குடும்பங்களுக்கு அவரவர் பாஷையிலும் சொல்லட்டும்.

இதையெல்லாம் கேட்கிறவர்கள் அந்தக் குடும்பத்தார் மாத்திரமாக இருந்தால் காது கேட்காது. ஊர் கேட்க வேண்டும். குறிப்பாக இந்த ஊர். ஓர் ஊரிலிருந்து கிளம்பிய பிரயாணத்துக்கு அந்த ஊர் பொறுப்பாளி இல்லையா? சேலையூர் ஏரிக் கரையில் வாக்கிங் போகிறவர்கள், மாடம்பாக்கம் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போகிறவர்கள், சங்கம் வைத்துக் குப்பை வண்டி வரவில்லை என்று மனுக் கொடுக்கிறவர்கள், இந்த ஒரு மனுவையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஜூலை 22ஆம் தேதி ஒரு நிமிஷம் எழுந்து நின்று அந்த 29 பெயர்களையும் உரக்கப் படித்தால் என்ன? மாமி வருவார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். பலகையில் ஓர் ஓரம் இல்லாத பிள்ளைக்காக அழத் தெரிந்தவருக்கு, இந்தப் பிள்ளைகளுக்காக அழத் தெரியாதா?

மனுவை எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு எழுதலாம். அந்த அறிக்கை, சிதைவு கிடக்கும் இடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், அதாவது சுமார் 310 கிலோமீட்டர் என்று சொல்கிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 140 கடல் மைலுக்கு 259 கிலோமீட்டர்தான் வருகிறது. மகன் கிடக்கிற இடத்தில் ஒரு பூமாலை போட்டுவிட்டு வரலாமென்று ஒரு தாய் கப்பல் ஏறினால், எந்தக் கணக்குப்படி போய் நிற்பாள்? இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் தண்ணீர் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய மதுராந்தகம் போகிற தூரம்.